ஜமீன் கூப்பிட்டால் வராது

பட்டாபிராம்
10.6.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை கஸ்தூரி எழுதுவது. இங்கே நானும் உன் மாப்பிள்ளையும் நிவேதிதாவும் சுகம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் நினைத்தபோது வந்து நினைத்தபோது போகிறது. அங்கே நீயும் மதிவதனி அண்ணியும் சௌக்கியந்தானே? அண்ணிக்குச் சர்க்கரை குறைந்ததா?

கடிதத்தைப் பார்த்ததும் பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. போனில் நான் பேசுவேன், நீ 'ம்' போடுவாய். போன தடவை எண்ணினேன், பதினேழு 'ம்'. அம்பத்தூர் தபாலாபீசில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் தபால்தலை விற்கிறேன், சொந்த அண்ணனிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்ததில்லை. அதனால் இனி முக்கியமான விஷயம் எல்லாம் காகிதத்தில்தான். வெறும் 'ம்' என்று எழுதி ஒட்டி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும்.

விஷயம் இதுதான். நிவேதிதா ஆறாம் வகுப்பு போகிறாள். நாலு மணிக்குப் பள்ளி விட்டு வந்தால், நான் வேலை முடிந்து வருகிற வரை வீட்டில் தனியாக இருக்கிறாள். போன மாதம் எங்கள் தெருவில் பட்டப்பகலில் ஒரு வீட்டின் பூட்டை உடைத்துத் திருடிவிட்டார்கள். அன்றிலிருந்து பிள்ளை பயந்து கிடக்கிறாள். நான் கதவைத் திறந்தால், முதுகில் மாட்டிய பையைக்கூடக் கழற்றாமல் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு மணி நேரம் அப்படியே.

ஒரு நாய் வளர்க்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இவர் லாப்ரடார் என்கிறார். பக்கத்து வீட்டுக் கோமளா அக்கா பொமரேனியன் என்கிறாள். நான் உன் வெள்ளை நாய் என்கிறேன். ராஜபாளையம் நாய் எங்கள் வீட்டுக்குச் சரிப்படுமா? அப்பா அவற்றைத் தோட்டத்து மோட்டார் ரூமிலேயே வைத்திருந்ததால் எனக்கு அதிகம் தெரியாது. அவர் சீட்டியடித்தால்தான் திரும்பும், மற்றவர்கள் தொண்டை கிழியக் கத்தினாலும் மதிக்காது என்பது மட்டும் ஞாபகம். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

நாலு வரியாவது எழுது.

பதிலுக்காக வாசலைப் பார்த்திருக்கும்,
கஸ்தூரி


மேலக்குளம்
20.6.2023

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நாங்கள் நலம். அண்ணிக்குச் சர்க்கரையும் குறையவில்லை, மாம்பழமும் குறையவில்லை.

வேண்டாம். உன் வீட்டுக்கு இந்த ஜாதி சரிப்படாது. தினமும் ஓட இடம் வேண்டும். நல்ல வெயில் பட்டால் தோல் சிவந்து புண்ணாகும். வருகிறவர் போகிறவரை எல்லாம் வாலாட்டி வரவேற்காது. சிலிண்டர் போட வருகிறவரைக் கடித்து வைத்தால் நீதான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். இரண்டு அறை வீட்டில் உனக்கும் கஷ்டம், அதற்கும் கஷ்டம். மாப்பிள்ளை சொல்வதைக் கேள். இல்லையென்றால் தெருவில் நிற்கிற ஒரு குட்டியை எடுத்து வளர்.

இங்கே பத்து நாளைக்கு முன் ஏழு குட்டி விழுந்திருக்கிறது. ஏழுக்கும் ஆள் சொல்லிவிட்டார்கள்.

நாலு வரிக்கு மேலேயே எழுதிவிட்டேன்.

அண்ணன்
ரவிச்சந்திரன்


பட்டாபிராம்
1.7.2023

அண்ணனுக்கு,

நலம். உங்கள் நலத்தை இனி நீ சொன்னால்தான் நம்புவேன் என்றில்லை, அண்ணி எனக்குப் போனில் எல்லாம் சொல்லிவிடுகிறாள்.

ஓட இடம் இல்லை என்று யார் சொன்னது? எங்கள் வீட்டுக்குப் பின்னால் ராணுவக் கிடங்குக்குப் போகிற மிலிட்டரி சைடிங் வரைக்கும் வெட்டவெளி. தண்டவாளத்தில் வாரத்துக்கு இரண்டு மூன்று சரக்கு வண்டி, அதுவும் நம் ஊர்ச் சப்பரம் போகிற வேகத்தில். காலை ஐந்து மணிக்கு உன் மாப்பிள்ளை கயிறு பிடித்து ஓட்டிவருவார், முழங்காலுக்கும் நல்லது. வெயிலில் விட மாட்டோம். சிலிண்டர்க்காரர் வெளியிலிருந்தே குரல் கொடுப்பார்.

நேற்றும் அவள் பையைக் கழற்றவில்லை அண்ணா. 'ஏண்டி?' என்றால், 'யாராவது வந்தா அப்படியே ஓடிடலாம்மா' என்கிறாள். பதினோரு வயசுப் பிள்ளை சொந்த வீட்டில் ஓடுவதற்குத் தயாராக உட்கார்ந்திருக்கிறது. ஏழில் ஒன்றுகூடவா உன் தங்கைக்குக் கிடையாது?

மன்றாடிக் கேட்கும்,
கஸ்தூரி


மேலக்குளம்
9.7.2023

அன்புத் தங்கைக்கு,

எல்லாரும் நலம்.

ஒரு குட்டி இருக்கிறது. ஆண். முழு வெள்ளை, ஒரு கறுப்பு மயிர் கிடையாது. மூக்கு ரோஜா நிறம். வாங்குவதாகச் சொன்னவர் வேண்டாம் என்றுவிட்டார்.

முன்வாசல் கேட் எத்தனை அடி? பின்பக்கச் சுவர்? வீட்டுத் தரை சிமென்டா டைல்ஸா? மாப்பிள்ளைக்குக் கோபத்தில் கை நீளுமா? நிவேதிதா ஓடிவந்து மேலே விழுகிற பிள்ளையா, நிதானமான பிள்ளையா? இதற்கெல்லாம் யோசித்துப் பதில் எழுது.

வளர்க்கும் முறையை இப்போதே சொல்லிவிடுகிறேன். இதை வாயால் கூப்பிட்டுப் பழக்க வேண்டாம். கையைக் காட்டிப் பழக்கு. தூங்கும்போது பின்னாலிருந்து தொடவே கூடாது. காலால் தரையைத் தட்டு, அது கண்ணைத் திறந்து உன்னைப் பார்த்த பிறகு கிட்டே போ. நிவேதிதாவிடம் இதை மூன்று தடவை சொல். கயிறு இல்லாமல் வெளியே விடாதே. ஏன் என்று கேட்காதே, இதை இப்படித்தான் வளர்க்க வேண்டும்.

உன் பதில் சரியாக இருந்தால் இருபத்தொன்பதாம் தேதி நானே கொண்டுவருகிறேன்.

அண்ணன்
ரவிச்சந்திரன்


பட்டாபிராம்
21.8.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் மூவரும் நலம், இல்லை, நால்வரும் நலம். குட்டியை விட்டுவிட்டு ஒரு வாய்ச் சாப்பாடுகூட முழுசாகச் சாப்பிடாமல் பஸ் ஏறினாயே, ஊருக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா?

நீ கொடுத்தது நாய்தானா? காலையில் ஜன்னல் வெயிலில் உட்கார்ந்தால் அதன் காது மடலில் ஒவ்வொரு நரம்பும் தெரிகிறது. நான் பல் தேய்ப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். வெள்ளை என்றால் இப்படி ஒரு வெள்ளையை நான் கண்டதில்லை.

நீ சொன்னபடியே வளர்க்கிறோம். நிவேதிதா கையைத் தூக்கி மடக்கினால் ஓடிவருகிறது. உள்ளங்கையைக் காட்டினால் உட்காருகிறது. தெருவில் மற்ற நாய்களை 'ஏய், ஏய்' என்று கத்துகிறார்கள். இதற்கு ஒரு விரல் அசைந்தால் போதும். வாயால் கூப்பிட்டால்? திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை! கோமளா அக்கா பத்து நிமிஷம் விதவிதமாகக் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, 'இன்னாடி கஸ்தூரி, நாயை வாங்கிகினு வந்தியா, ஜமீன்தாரை வாங்கிகினு வந்தியா? மன்சாளை மதிக்கவே மாட்டேங்குது!' என்றாள். அதுவே பெயராகிவிட்டது. ஜமீன்.

எதற்கும் அசைவதில்லை. மிக்சி போட்டால் கோமளா அக்காவின் பூனை கூரை ஏறுகிறது, ஜமீன் குக்கர் விசிலுக்குப் பக்கத்தில் குறட்டை விடுகிறார். ஆனால் காது எப்படிப்பட்டது தெரியுமா? நான் 5.40 வண்டியில் ஸ்டேஷனில் இறங்கும்போதே இங்கே வீட்டில் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறதாம். ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் எட்டு நிமிஷ நடை. அவ்வளவு தூரத்திலிருந்து என் செருப்புச் சத்தத்தைக் கண்டுபிடிக்கிறது! அப்பாவின் நாய்களெல்லாம் இதனிடம் பிச்சை வாங்க வேண்டும்.

நிவேதிதா வந்ததும் பையை வாசலிலேயே வீசிவிட்டு அதன் பக்கத்தில் தரையில் படுத்துக்கொள்கிறாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நன்றியை எப்படிச் சொல்வது என்று தெரியாத,
கஸ்தூரி


பட்டாபிராம்
14.11.2023

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். தீபாவளிக்கு வராவிட்டாலும் போகட்டும், ஆகஸ்டில் போட்ட கடிதத்துக்குப் பதில் எங்கே? எங்கள் இலாகா தொலைக்கவில்லை, விசாரித்துவிட்டேன்.

தீபாவளியன்று நடந்ததை எழுதாவிட்டால் எனக்கு மண்டை வெடித்துவிடும். சாயங்காலம் இந்தத் தெரு உனக்குத் தெரியும், யுத்தம்தான். தெருநாய்கள் எல்லாம் ஸ்டேஷன் படிக்கட்டுக்கு அடியில் போய் ஒடுங்கிக்கொண்டன. கடைசி வீட்டு லாப்ரடார் கட்டிலுக்கு அடியில் நடுங்கிக்கொண்டு இருந்ததாம், வெளியே இழுக்க நாலு பேர். ஜமீன் மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு ராக்கெட் பார்த்தது! ஒவ்வொன்றும் மேலே போகப்போகத் தலையைத் தூக்கி, பூவாக விரிந்ததும் வாலை ஒரு தடவை ஆட்டியது. பச்சையும் சிவப்பும் அதன் வெள்ளை மேல் விழுந்து போயின.

கேட்டில் ஆயிரம் வாலா கொளுத்தினார்கள். இது படியில் படுத்து, காலை நக்கிக்கொண்டிருந்தது. கோமளா அக்கா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். 'எம்மாடி, காதாண்ட வெடிக்குது, கண்ணு சிமிட்டுதா பாரு! இது நாய் இல்லடி, காவல் தெய்வம்!' எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது அண்ணா. சும்மா சொல்லவில்லை, கையெடுத்துக் கும்பிட்டேன். பத்துப் பேர் போனில் படம் எடுத்தார்கள். உன் மாப்பிள்ளை பாக்டரி முழுக்கச் சொல்லி, இதே வழிக் குட்டிக்கு ஏழு பேர் கேட்கிறார்கள்.

நிவேதிதா மட்டும் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பெருமை தாங்காத,
கஸ்தூரி


மேலக்குளம்
27.11.2023

அன்புத் தங்கைக்கு,

நலம். ஜமீனைப் பற்றி யாரிடமும் பெருமை பேசாதே. அந்த ஏழு பேருக்கும் குட்டி இல்லை. பின்பக்கச் சுவரை இன்னும் இரண்டு வரிசை உயர்த்து. தண்டவாளப் பக்கம் கயிறு இல்லாமல் விடாதே. அது தூங்கும்போது நிவேதிதா ஜாக்கிரதையாக இருக்கிறாளா? அதை மட்டும் எழுது.

அண்ணன்
ரவிச்சந்திரன்


பட்டாபிராம்
7.1.2024

அண்ணனுக்கு,

எல்லாரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நேற்று மூன்று தடவை உனக்குப் போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. கடைசியில் அண்ணி எடுத்து, நீ தோட்டத்துக்குப் போயிருப்பதாகச் சொன்னாள். அவள் குரல் சரியில்லை.

நேற்றுக் காலை ஒன்பது மணி. கொத்தனார் இன்று நாளை என்று இழுத்ததில் சுவர் இன்னும் உயரவில்லை. பின்பக்கம் ஒரு கீரி ஓடியது. ஜமீன் ஒரே தாவலில் சுவரைத் தாண்டிவிட்டது. நானும் இவரும் நிவேதிதாவும் பின்னாலேயே ஓடினோம். அது கயிறு இல்லாமல் ஓடி நான் பார்த்ததே கிடையாது அண்ணா. ஏழு மாதக் குட்டி. உடம்பு சுருங்கி நீளும்போது நாலு காலும் தரையிலேயே இல்லை. அவ்வளவு பயத்திலும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பொட்டல் முழுவதையும் நாலைந்து மூச்சில் கடந்துவிட்டது.

கீரி தண்டவாளத்துக்கு அடியில் இருந்த பொந்தில் புகுந்துகொண்டது. ஜமீன் ஒரு காலைத் தண்டவாளத்தின் மேல் வைத்து, ஜல்லிக்குள் மூக்கை நுழைத்து நின்றது. அதன் முதுகுக்குப் பின்னால் சரக்கு வண்டி வந்துகொண்டிருந்தது.

மெதுவாகத்தான் வந்தது. ஆனால் அவ்வளவு எடையை நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. ஹார்ன் விடாமல் அடித்தது. எனக்கே காது வலித்தது. நாங்கள் கத்தினோம். தண்டவாளத்தில் வேலை செய்யும் அப்துல் ரசாக் பாய் சிவப்புக் கொடியை ஆட்டிக்கொண்டு ஓடினார். ஜமீன் திரும்பவில்லை. ஒரு தடவைகூட.

பிறகு ஒன்று நடந்தது. தண்டவாளத்தில் வைத்திருந்த காலைச் சட்டென்று எடுத்தது. எடுத்துத் தன் பாதத்தைப் பார்த்தது. அப்புறம்தான் திரும்பியது. வண்டி கிறீச்சிட்டுக்கொண்டு எங்கள் ஹால் நீளம் தள்ளி நின்றது. ஜமீன் அதை மேலும் கீழும் பார்த்தது, பயப்படவில்லை. நிவேதிதா எங்களைத் தாண்டி ஓடி, முன்னால் நின்று கையைத் தூக்கி மடக்கினாள். துள்ளிக்கொண்டு அவளிடம் வந்துவிட்டது.

ரசாக் பாய்க்கு மூச்சு வாங்கியது. கோபத்தில் கத்தினார். 'இன்னாம்மா, உன் நாய்க்குக் காது கேக்காதா? இம்மா நேரம் ஹார்ன் அடிக்கிறான், மரம் மாரி நின்னுகினு கீது!'

அவர் திட்டத்தான் திட்டினார். நானும் இவரும் ஜமீனின் காதைப் பார்த்தோம்.

வீட்டுக்கு வந்து, அது சாப்பிடும்போது பின்னால் நின்று இவர் இட்லிக் கொப்பரை மூடியைத் தரையில் போட்டார். தெருக்கோடி வரை கேட்டிருக்கும். ஜமீன் சாப்பிட்டுக்கொண்டே இருந்தது. மறுபடியும் போட்டார். நிவேதிதா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். 'போதும்பா. எனக்குத் தெரியும். தீபாவளி அன்னிக்கே தெரியும். சொன்னா மாமாகிட்ட திருப்பிக் குடுத்துருவீங்கன்னுதான் சொல்லலை.'

'அப்படியென்றால் நான் வருவது எப்படித் தெரிகிறது?' என்று கேட்டேன். 'ரயில் வந்தா தரை நடுங்கும்மா. நீயும் படுத்துப் பாரு.' சாயங்காலம் அவளோடும் ஜமீனோடும் ஹால் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்தேன். 5.40 வந்தது. நடுங்கியது அண்ணா. பன்னிரண்டு வருஷமாக இந்த வீட்டில் இருக்கிறேன், என் வீடு தினமும் நடுங்குவது எனக்குத் தெரியாது. ஜமீன் எழுந்து வாசலுக்குப் போய், நான் வருவேன் என்று தெருவைப் பார்த்து நின்றது. நான் உள்ளே படுத்திருக்கிறேன், அது எனக்காக வெளியே நிற்கிறது.

வாயால் கூப்பிடாதே, தரையைத் தட்டு, பின்னாலிருந்து தொடாதே. உன் ஜூலைக் கடிதத்தை எடுத்து மறுபடி படித்தேன். உனக்குத் தெரியுமா, தெரியாதா? இதற்கு மட்டும் பதில் வேண்டும்.

கஸ்தூரி


பட்டாபிராம்
18.2.2024

அண்ணனுக்கு,

நலம் விசாரிக்க மனசில்லை. ஆறு வாரமாகிறது. பொங்கலுக்கு அண்ணி மட்டும் பேசினாள், நீ பேசவில்லை. போனில் போடுவாயே அந்த 'ம்', அதையாவது எழுதி அனுப்பு. தெரியும் என்றால் 'ம்', தெரியாது என்றால் வெற்றுக் காகிதம். தினமும் தபால் பிரிக்கும்போது உன் கையெழுத்தைத் தேடுகிறேன்.

கஸ்தூரி


மேலக்குளம்
25.2.2024

அன்புத் தங்கைக்கு,

நான் நலமில்லை. அண்ணி நலம்.

தெரியும். கொண்டுவந்த அன்றும் தெரியும்.

முழு வெள்ளையில் சில குட்டிக்குக் காது இருக்காது. அப்பா காலத்திலிருந்து ஒரு வழக்கம். இருபத்தொன்றாம் நாள், குட்டிகள் தூங்கும்போது தலைக்கு மேல் வெண்கலத் தட்டை அடிப்பார்கள். விழித்துக்கொண்டால் வைத்துக்கொள்வது. விழிக்காததை அன்று பொழுது சாய்வதற்குள் தோட்டத்துக் கிணற்றுக்கு எடுத்துப்போவது. காவலுக்கும் உதவாது, வேட்டைக்கும் உதவாது, திடுக்கிட்டால் கடிக்கும், விற்றால் நம் பெயர் கெடும் என்பார் அப்பா. சின்ன வயதில் உன்னைத் திடீரென்று அத்தை வீட்டுக்கு அனுப்புவார்களே, புதுப் பாவாடை கட்டிக்கொண்டு குதித்துக்கொண்டு போவாயே, அதெல்லாம் அந்த நாள்தான்.

பதினாறு வயதில் என் கையில் தட்டைக் கொடுத்தார். முப்பது வருஷம். பத்தொன்பது குட்டிகள். எது எந்தத் தாயுடையது என்று இப்போதும் சொல்வேன்.

போன ஜூலையிலும் அடித்தேன். ஆறு குட்டி அலறி அடித்து ஓடியது. ஒன்று தூங்கியது. இன்னொரு தடவை அடித்தேன். வயிறு மட்டும் ஏறி இறங்கியது. அப்படி ஒரு தூக்கத்தை நான் பார்த்ததில்லை கஸ்தூரி. இந்த உலகத்து இரைச்சல் ஒன்றுகூட அதனிடம் போய்ச் சேரவில்லை. அதைத் தூக்க வேண்டும், கை வரவில்லை. தானாக எழுந்திருக்கட்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். ரொம்ப நேரம் கழித்து எழுந்து, என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. பொழுது சாய்ந்தால் செய்யக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு நாள் கழித்து உன் இரண்டாவது கடிதம் வந்தது.

சொல்லிவிட்டுக் கொடுத்திருக்க வேண்டும். சொன்னால் நீ வேண்டாம் என்பாய், திரும்பக் கிணறுதான். அதனால் வளர்க்கும் முறை என்று எழுதினேன். தனியாக இருக்கிற பிள்ளையிடம் அதை விட்டுவிட்டு வந்தேன். தூக்கத்தில் திடுக்கிட்டு அவளைக் கடித்திருந்தால்? அன்றிலிருந்து போன் அடித்தாலே அண்ணியை எடுக்கச் சொல்கிறேன். நீ மெச்சி எழுதிய ஒவ்வொரு கடிதத்துக்கும் என்ன பதில் எழுத முடியும்?

திருப்பி அனுப்பிவிடு. காது கேட்கிற நல்ல குட்டி ஒன்றைக் கொண்டுவந்து தருகிறேன். தாய் மறுபடி ஈன்றிருக்கிறது, பிப்ரவரி பதினாறு. எட்டுக் குட்டி, மூன்று முழு வெள்ளை. மார்ச் எட்டு இருபத்தொன்றாம் நாள். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடம் எழுதுகிறேன்.

மன்னிப்புக் கேட்கத் தகுதியில்லாத,
ரவிச்சந்திரன்


பட்டாபிராம்
2.3.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நாங்கள் நலம். நீ நலமாக வேண்டும்.

உன் கடிதத்தை ஆபீசில் பிரித்துத் தொலைத்தேன். கவுண்டரில் ஆறு பேர் வரிசையில் நிற்க, நான் அழுதுகொண்டிருந்தேன். அத்தை வீட்டுக்குப் போகிற நாளுக்காக நான் ஏங்கிக்கிடப்பேன். அத்தை எனக்குப் பணியாரம் சுட்டுக் கொடுப்பாள். நான் தின்றுகொண்டிருந்த நேரத்தில் நீ பதினாறு வயதில் கிணற்றடியில் நின்றிருக்கிறாய். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி இருந்தாய்?

கோபம் இருக்கிறது, மறைக்க மாட்டேன். அது என் பிள்ளையைக் கடித்திருந்தால் உன் முகத்தில் விழித்திருக்க மாட்டேன். நீ முதலிலேயே சொல்லியிருந்தால் ஜமீனை வாங்கியிருக்கவும் மாட்டேன். இரண்டும் உண்மை. நீ பொய் சொன்னதால்தான் அது என் காலடியில் படுத்திருக்கிறது. இதை வைத்துக்கொண்டு உன்னைத் திட்டுவதா, கும்பிடுவதா என்று எனக்கே தெரியவில்லை.

திருப்பி அனுப்புகிற பேச்சே வேண்டாம். சுவர் உயர்த்தியாகிவிட்டது. நிவேதிதா தூங்குகிற ஜமீன் பக்கம் போகும்போது தரையைத் தட்டுகிற அழகை நீ வந்து பார்க்க வேண்டும். நாங்கள்கூட இப்போது ஒருவரையொருவர் கத்திக் கூப்பிடுவதில்லை, எதிரே போய் நிற்கிறோம்.

மார்ச் எட்டு தட்டை அடி. அடித்தால்தானே எதற்குக் கேட்கவில்லை என்று தெரியும். ஆனால் எதையும் எங்கேயும் தூக்கிக்கொண்டு போகாதே. எழாத குட்டிக்கு இங்கே வீடு பார்க்கிறேன். முதலில் கேட்டவர் ரசாக் பாய். 'எனக்குக் குடும்மா. எங்கூட்லயும் யாரும் யார் பேச்சையும் கேக்கறதில்ல, அதுக்கு வித்தியாசமே தெரியாது' என்கிறார். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். ஆறடிச் சுவர், இரும்புக் கேட், சின்னப் பிள்ளைகள் இல்லை, மனைவி சபீனா நிதானமான பெண். சரிப்படும். கோமளா அக்காவும் ஆசைப்பட்டாள், பேரப்பிள்ளைகள் மேலே விழுந்து புரளுகிற வீடு, நேராகவே முடியாது என்றுவிட்டேன். இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை, பேசுவாள். இன்னும் இரண்டு வீடு பார்க்க வேண்டும்.

ஸ்பீட் போஸ்டில் நானே முத்திரை குத்திப் போடுகிறேன். எட்டாம் தேதிக்குள் உன் கையில் கிடைக்கும்.

தங்கை
கஸ்தூரி


மேலக்குளம்
9.3.2024

அன்புத் தங்கைக்கு,

உன் கடிதம் ஐந்தாம் தேதியே கிடைத்தது. சட்டைப் பையில் வைத்திருந்தேன். அண்ணி நலம். நான் பரவாயில்லை.

நேற்று மத்தியானம் அடித்தேன். அண்ணி கூட வந்து நின்றாள், இத்தனை வருஷத்தில் முதல் தடவை. ஆறு ஓடியது. இரண்டு தூங்கியது. ஒன்று ஆண், ஒன்று பெண். ஒன்றின் மேல் ஒன்று கழுத்தைப் போட்டுக்கொண்டு தூங்கியது. நாங்கள் இரண்டு பேரும் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். பொழுது சாய்ந்தது. எழுந்து தாயிடம் போய்ப் பால் குடித்தன.

ஏப்ரல் கடைசியில் இரண்டையும் கொண்டுவருகிறேன். ரசாக் பாயிடமும் இன்னொரு வீட்டிலும் முதல் வார்த்தையே காது கேட்காது என்பதாக இருக்கட்டும். யோசித்துவிட்டு வேண்டாம் என்றால் வருத்தமில்லை, இங்கேயே இருக்கும்.

தட்டை அண்ணி புளி போட்டுத் தேய்த்து அடுக்களைக்கு எடுத்துப்போய்விட்டாள். இன்று அதில்தான் எனக்குச் சோறு போட்டாள். சாப்பிட்டேன்.

அண்ணன்
ரவிச்சந்திரன்